சூரியன் இழக்கும் வாயு ஒளிருமா?

சூரியனின் முடிவைப் பற்றிப் பாடநூல்களும் கோளரங்கக் காட்சிகளும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதன் உள்ளகத்தில் இருக்கும் ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். சூரியன் பருத்துச் சிவந்து செம்பெருமீனாகும். பிறகு மேலடுக்குகளை இழந்து, பூமியளவே உள்ள வெண்குள்ளனாகச் சுருங்கும். இழந்த வாயு அதைச் சுற்றி வண்ண வளையமாக ஒளிரும். இப்படி ஒளிரும் வாயுக்கூட்டுக்குக் கோள்வடிவ நெபுலா என்று பெயர். இந்தக் கதையில் கடைசி வரியைத் தவிர மற்றவற்றில் வானியலாளர்களுக்குப் பெரிய ஐயம் இருந்ததில்லை. கடைசி வரியைப் பற்றி மட்டும் அவர்களுடைய கணக்கு பல ஆண்டுகள் வேறு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது: சூரியன் வாயுவை இழக்கும், வெண்குள்ளனாகவும் ஆகும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு நெபுலா உண்டாகாது, அதற்குச் சூரியனின் நிறை போதாது. நம் பால்வெளியில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட கோள்வடிவ நெபுலாக்கள் தெரியவந்திருக்கின்றன. சூரியனைப் போன்ற விண்மீன்களுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க, சூரியனுக்கு மட்டும் ஏன் இந்த விலக்கு? இன்று கையில் உள்ள சான்றுகள் பாடநூலின் பக்கமே சாய்கின்றன என்பது என் கருத்து. ஆனால் அவை சாயும் காரணம் பாடநூலில் இருப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த வாயு எதனால் ஒளிர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பார்வைக்கு முதலில் வந்த கோள்வடிவ நெபுலா, பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே 1764 ஜூலையில் கண்டது. அவர் பட்டியலில் அது 27-ஆம் எண். கோள்வடிவ நெபுலா என்ற பெயரை வைத்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்த அவருடைய தொலைநோக்கியில் இவை அந்தக் கோளைப் போலவே மங்கலான சிறு வட்டங்களாகத் தெரிந்தன. கோள்களோடு வேறு உறவு எதுவும் இவற்றுக்கு இல்லை. அன்றைய பெரிய வழக்கு, இந்த மங்கல் திட்டுகள் பிரித்தறிய முடியாத தொலைவில் நெருங்கிக் கிடக்கும் விண்மீன் கூட்டங்களா, அல்லது உண்மையாகவே வாயுவா என்பது. 1790-இல் ரிஷப விண்மீன் குழுவில் ஒற்றை விண்மீனைச் சுற்றி ஒளிப்படலம் ஒன்றை ஹெர்ஷல் பார்த்தார். சுற்றியிருப்பது விண்மீன்கள் என்றால், நடுவில் இருப்பது நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே அது ஒளிரும் பாய்பொருளே என்று முடிவு கட்டினார். ஆனால் அந்தப் பொருள் ஒடுங்கி விண்மீன் பிறக்கிறது என்று அவர் நினைத்தார். இறப்பைப் பிறப்பாகப் படித்துவிட்டார். கையில் இருந்த ஒரே ஒரு காட்சியிலிருந்து அது விரிகிறதா சுருங்குகிறதா என்று சொல்ல வழியில்லாததுதான் காரணம். பின்னர் 1840-களில் அயர்லாந்தில் ராஸ் பிரபு கட்டிய ராட்சதத் தொலைநோக்கி சில நெபுலாக்களை விண்மீன்களாகப் பிரித்துக் காட்டியதும், எல்லாமே விண்மீன் கூட்டங்கள்தான் என்ற கட்சி மறுபடி வலுத்தது.

அந்த வழக்கை முடித்துவைத்தது 1864 ஆகஸ்ட் 29 இரவு. லண்டனில் தன் வீட்டிலேயே ஆய்வகம் வைத்திருந்த வில்லியம் ஹகின்ஸ், டிராகோ விண்மீன் குழுவில் இருக்கும் ஒரு கோள்வடிவ நெபுலாவை நோக்கி நிறமாலைகாட்டியைத் திருப்பினார். பூனைக்கண் நெபுலா என்று இன்று அறியப்படுவது அது. விண்மீன் ஒளியைப் பிரித்தால் வானவில் பட்டையும் அதன் குறுக்கே கருங்கோடுகளும் தெரியும். இங்கே பட்டையே இல்லை. பச்சையில் ஒரு பளிச்சென்ற கோடு, கூர்ந்து பார்த்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு மங்கல் கோடுகள், அவ்வளவுதான். தனித்தனிக் கோடுகளாக ஒளியை உமிழ்வது சூடான மெல்லிய வாயு மட்டுமே. ஆக இது விண்மீன் கூட்டமல்ல, வாயு. மூன்றில் ஒரு கோடு ஹைட்ரஜனுக்கு உரியது. மற்ற இரண்டு பச்சைக் கோடுகளும் ஆய்வகத்தில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. சூரிய ஒளியில் முதலில் தென்பட்ட ஹீலியம் 1895-இல் பூமியிலும் கிடைத்துவிட்டதால், இந்தக் கோடுகளுக்கும் ஒரு புதுத் தனிமம் இருக்கும் என்று நம்புவது நியாயமாகவே இருந்தது. 'நெபுலியம்' என்று அதற்குப் பெயரும் வந்தது. ஆனால் தனிம வரிசை அட்டவணை நிரம்ப நிரம்ப, நெபுலியத்துக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று.

விடை 1927-இல் கலிஃபோர்னியாவில் ஐரா போவன் என்ற இயற்பியலாளரிடமிருந்து வந்தது. இந்தப் பச்சைக் கோடுகள், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன் உமிழ்பவை. அந்த அயனி கிளர்ச்சியடைந்தால், பச்சை ஒளியை விட்டுவிட்டுக் கீழ்நிலைக்கு வர அரை நிமிடம்போல எடுத்துக்கொள்கிறது. அணுவின் உலகில் அது யுகம். ஆய்வகக் குழாயில் அதற்குள் வேறு அணுக்கள் வந்து மோதி, அந்த ஆற்றலை ஒளியாகாமலே பறித்துவிடும். நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் துகள்களே இருக்கும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே இடத்தில் கோடி கோடியாக, அதுவும் லட்சக்கணக்கான கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நெபுலாவின் வெறுமைதான் அந்தக் கோட்டைத் தோன்றவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்பு நம் கேள்விக்கு வேறொரு வகையில் முக்கியம். ஆக்சிஜனிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடுங்க வலிமையான புற ஊதா ஒளி வேண்டும். அதைக் கொடுக்க நடுவில் இருக்கும் விண்மீன் பல பத்தாயிரம் டிகிரி வெப்பத்தில் இருந்தாக வேண்டும். இன்றைய சூரியப் பரப்பின் வெப்பம் 6,000 டிகிரிக்கும் குறைவு. ஆகவே பச்சைக் கோடு தெரிகிற இடத்தில் வாயுவும் இருக்கிறது, அதன் நடுவே மிகச் சூடான ஒரு விண்மீனும் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நெபுலா இல்லை.

இந்தச் சூடான விண்மீன் சாகும் நிலையில் இருப்பது என்று எப்படித் தெரியும்? ஒரு விண்மீனின் முழு வாழ்வை யாரும் இருந்து பார்த்ததில்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி 1956-இல் வைத்த வாதம் அதற்கு நல்ல பதில். நெபுலாவின் நிறமாலைக் கோடுகள் அதன் நடுப்பகுதியில் இரண்டாகப் பிளந்து தெரிகின்றன: வாயுக்கூட்டின் ஒரு புறம் நம்மை நோக்கியும் மறுபுறம் நம்மைவிட்டு விலகியும் நகர்கிறது, நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில். நெபுலாவின் அகலம் ஓர் ஒளியாண்டு அளவில் இருக்கிறது. வேகத்தால் வகுத்தால், அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளிலிருந்து சில பத்தாயிரம் ஆண்டுகள் வரை. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழும் விண்மீனுக்கு இது மிகக் குறுகிய கட்டம். முன்னாலும் பின்னாலும் நீண்ட நிலைகள் இருந்தே தீர வேண்டும். நடுவில் இருப்பது சிறியது, மிகச் சூடானது. அது குளிர்ந்தால் வெண்குள்ளன் தவிர வேறொன்றாக முடியாது. முந்தைய நிலையைச் சொல்வது வாயுவின் மெதுவான வேகம். இன்றைய சூரியனின் பரப்பிலிருந்து ஒரு பொருள் தப்ப நொடிக்கு 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவை விட்டுவிடக்கூடியது, நூறு மடங்குக்கு மேல் பருத்து மேற்பரப்பின் ஈர்ப்புத் தளர்ந்துபோன செம்பெருமீன் மட்டுமே. கோடு பிளப்பது சுருங்கும் வாயுவிலும் நடக்கும், ஹெர்ஷல் நினைத்தது சரியாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஹபிள் தொலைநோக்கி வளைய நெபுலாவை 1998-லும் 2011-லும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, வாயு முடிச்சுகள் வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தன. அந்தச் சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

செம்பெருமீனின் உள்ளே நடப்பதற்கும் நேரடிச் சாட்சி உண்டு. 1952-இல் பால் மெரில் சில செம்பெருமீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். அதற்கு நிலையான வடிவமே கிடையாது. மிக நீண்டு வாழும் வகைகூட 42 லட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். விண்மீன் பிறந்தபோது இருந்த டெக்னீசியம் எப்போதோ மறைந்திருக்கும். ஆகவே அது அந்த விண்மீனின் உட்புறத்தில் அண்மையில் உருவாகி, வெப்பச்சலனத்தால் மேலே வந்திருக்கிறது. இந்த வகைப் பெருமீன்களில் உள்ளகமும் மேலடுக்கும் கலக்கின்றன, கலந்த பொருள் வெளியே போகிறது. அது வெளியேறும் முறையும் ஓரளவு தெரிந்ததே. 1596-இல் டேவிட் ஃபேப்ரிசியஸ் கவனித்த மீரா போல, பருத்த விண்மீன்கள் சுமார் ஓராண்டுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகின்றன. துடிப்பு வாயுவை மேலே தூக்குகிறது. உயரத்தில் அது குளிர்ந்து தூசாகிறது. விண்மீனின் ஒளி தூசைத் தள்ள, தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இது வெடிப்பல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகள் வீசும் மெதுவான காற்று. சூரியனும் இப்படித்தான் தன் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை இழக்கும். கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த உள்ளகம் மட்டும், இன்றைய நிறையில் ஏறத்தாழ 0.54 பங்காக, மிஞ்சும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காற்று நின்றவுடன் விண்மீனின் மேற்பரப்பு இன்னும் குளிர்ச்சியாகத்தான், 5,000 டிகிரி அளவில், இருக்கிறது. உள்ளகத்தின் மேல் எஞ்சியிருக்கும் மெல்லிய ஹைட்ரஜன் உறை, சூரிய நிறையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாதது, அடிப்புறத்தில் எரிந்து தேய்கிறது. உறை தேயத் தேய விண்மீன் சுருங்குகிறது. வெளிவரும் ஒளியின் மொத்த அளவு குறையாமல் பரப்பு மட்டும் குறைவதால், பரப்பு மேலும் மேலும் சூடாகிறது. சுமார் 30,000 டிகிரியைத் தொட்டால்தான் புற ஊதா ஒளி பெருகி வாயு ஒளிரத் தொடங்கும். ஆனால் அந்த வாயு இதற்குள் காத்துக்கொண்டு நிற்கவில்லை. விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இருட்டறையில் சாம்பிராணிப் புகை போட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து ஜன்னலைத் திறப்பதைப் போன்றது இது: உடனே திறந்தால் வெயில் கீற்றில் புகையின் சுருள்கள் அத்தனையும் தெரியும், நேரம் கழித்துத் திறந்தால் புகை அறையெங்கும் கரைந்து, கீற்றில் ஒன்றும் தெரியாது. வித்தியாசம், புகை வெயிலைச் சிதறடிக்கிறது, நெபுலா புற ஊதாவை வாங்கித் தானே ஒளிர்கிறது. அதனால் நெபுலாவில் தாமதத்தின் தண்டனை இன்னும் கடுமை. வாயு பத்து மடங்கு தொலைவு போனால் ஆயிரம் மடங்கு பருமனில் பரவுகிறது. ஒளி உண்டாவதற்கு அயனியும் எலெக்ட்ரானும் சந்திக்க வேண்டும், சந்திப்புகளோ அடர்த்தி குறையும்போது அதைவிட வேகமாகக் குறைகின்றன.

ஆக எல்லாம் இரண்டு கடிகாரங்களின் போட்டிதான். வாயுவின் கடிகாரம் எல்லா விண்மீன்களுக்கும் ஏறத்தாழ ஒன்று. 10,000 ஆண்டுகளில் அது முக்கால் ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தொலைவு போய்விடும். விண்மீன் சூடாகும் கடிகாரமோ உள்ளகத்தின் நிறையைப் பொறுத்து வெகுவாக மாறுகிறது. கனமான உள்ளகம் பிரகாசமாக எரியும், எரிக்க வேண்டிய உறையும் குறைவு. இரண்டும் சேர்ந்து அவசரப்படுத்தும். 0.54 பங்கு நிறையுள்ள உள்ளகம் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. 1980-களிலும் 90-களிலும் செய்யப்பட்ட கணினி மாதிரிகள் இப்படிப்பட்ட உள்ளகம் சூடாக ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகும் என்றன. அதற்குள் வாயு பல ஒளியாண்டுகள் பரந்து காணாமல் போயிருக்கும். சூரியனுக்கு நெபுலா இல்லை என்ற தீர்ப்பு இந்தக் கணக்கிலிருந்து வந்தது. பிரகாசமான நெபுலாவுக்குச் சூரியனைப் போல இரண்டு மடங்கு நிறையாவது வேண்டும் என்று அது சொன்னது.

இந்தத் தீர்ப்புக்கு எதிரான சாட்சி நம் பால்வெளியிலிருந்து வரவில்லை. பிற கேலக்ஸிகளில் பச்சைக் கோட்டின் ஒளியை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் கோள்வடிவ நெபுலாக்கள் புள்ளிகளாகத் தனித்துத் தெரியும். 1989-இல் ஜார்ஜ் ஜேகபியும் உடன் ஆய்வாளர்களும் அவற்றின் பிரகாசத்தில் ஓர் ஒழுங்கைப் பயன்படுத்தத் தொடங்கினர்: எந்தக் கேலக்ஸியானாலும், மிகப் பிரகாசமான நெபுலாக்கள் ஏறக்குறைய ஒரே உச்ச அளவில் வந்து நின்றுவிடுகின்றன. கேலக்ஸிகளின் தொலைவை அளக்க அது நம்பகமான கருவியாயிற்று. ஆனால் அதற்குள் ஒரு முரண் இருந்தது. நீள்வட்ட கேலக்ஸிகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது எப்போதோ நின்றுவிட்டது. இரண்டு சூரிய நிறையுள்ள விண்மீன் சுமார் 100 கோடி ஆண்டுகளில் வாழ்வை முடித்துவிடும் என்பதால், அங்கே இன்று இறந்துகொண்டிருப்பவை சூரியனை ஒத்த முதிய விண்மீன்களே. பழைய கணக்குப்படி அங்கே பிரகாசமான நெபுலாக்கள் இருக்கவே கூடாது. அவை இருக்கின்றன, அதே உச்சம் வரை. கோட்பாடு கூடாது என்று சொன்ன பொருள் வானத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டியது கோட்பாட்டின் கடிகாரத்தைத்தான்.

அர்ஜென்டினாவின் மார்செலோ மில்லர் பெர்தொலாமி 2016-இல் அந்தக் கடிகாரத்தைத் திருத்தினார். உள்ளகத்துப் பொருள் மேலே கலப்பதையும், வாயு ஒளியைத் தடுக்கும் திறனையும் புதிய தரவுகளோடு கணக்கிட்டபோது, விண்மீன்கள் பழைய மாதிரிகளைவிட மூன்று மடங்கும் அதற்கு மேலும் விரைவாகச் சூடாகின்றன என்று தெரிந்தது. 2018-இல் அவர் கெசிஸ்கி, சில்ஸ்ட்ரா ஆகியோருடன் இதை நெபுலாக்களின் பிரகாசத்தோடு பொருத்திப் பார்த்தார். சூரியனைவிடச் சற்றே கூடுதல் நிறையுள்ள விண்மீன்களிலிருந்து மூன்று மடங்கு நிறையுள்ளவை வரை, ஏறத்தாழ ஒரே உச்சப் பிரகாசத்தை எட்டின. முரண் பெருமளவு கரைந்தது. சூரியன் இந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. அதற்கும் நெபுலா உண்டு, ஆனால் மங்கலானது. இதை மறுப்பவர்களிடம் ஒரு வலுவான மாற்று விளக்கம் இருக்கிறது: நீள்வட்ட கேலக்ஸிகளில் இரட்டை விண்மீன்கள் ஒன்றிணைந்து கனமான விண்மீன்களாகி, பிரகாசமான நெபுலாக்களைத் தந்திருக்கலாம். அப்படிச் சில நிகழ்ந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கேலக்ஸிகளிலும் அந்த இணைப்புகள் உச்சத்தை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் தற்செயலை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. கடிகாரத்தைத் திருத்திய காரணங்களோ நெபுலாக்களுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. வேறு வகை விண்மீன்களை விளக்கவும் தேவைப்பட்டவை.

கணினி சொல்லும் கடிகாரத்தை நேரில் சரிபார்க்க முடியுமா என்றால், ஓரிடத்தில் முடிந்திருக்கிறது. 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் ஏறத்தாழ வானம் முழுவதையும் அளந்தபோது, தூசுக்கூட்டுக்குள் இருக்கும் இடைக்கட்ட விண்மீன்கள், அதாவது காற்று நின்றும் இன்னும் சூடாகாதவை, அடையாளம் காணப்பட்டன. இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். பார்த்தசாரதி அந்தத் தேடலில் முன்னோடி. அவரும் உடன் ஆய்வாளர்களும் 1990-களின் முற்பாதியில் தென்வானத்து விண்மீன் ஒன்றைப் பற்றி அறிவித்த செய்தி வியப்பானது. 1950-இல் வெறும் நீல விண்மீனாகப் பதிவானது, 40 ஆண்டுகளுக்குள் கோள்வடிவ நெபுலாவாகியிருந்தது. திருக்கைமீன் நெபுலா என்று அதற்குப் பெயர். பின்னர் அந்த விண்மீன் குளிரத் தொடங்கியது. 1996-க்கும் 2016-க்கும் இடையில் நெபுலாவின் பச்சை ஒளி பெரிதும் மங்கிவிட்டது. எஞ்சிய ஹீலியம் திடீரென்று பற்றியெரிந்ததால் வந்த மாற்றம் இது என்று பலர் கருதுகின்றனர். ஆகவே இதைச் சூரியனுக்கு நேர் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விண்மீன் சூடானால் வாயு ஒளிர்வதும், விண்மீன் குளிர்ந்தால் வாயு மங்குவதும் மனித வாழ்நாளுக்குள் கண்ணெதிரே நடந்திருக்கின்றன.

சூரியனின் நெபுலா எந்த வடிவில் இருக்கும் என்பது வேறு கேள்வி. கோள்வடிவ நெபுலாக்களில் உருண்டையானவை சிறுபான்மை. பெரும்பாலானவை நீள்வட்டமாகவோ, இருபுறம் சிறகு விரித்தோ, இடுப்பு ஒடுங்கியோ இருக்கின்றன. துணை விண்மீன் வாயுவைக் கலக்கியதால் வந்த வடிவம் அது என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. ஹெர்ஷலை மனம் மாற்றிய அந்த ரிஷப நெபுலாவின் நடுவில் இருப்பதே, ஒன்றையொன்று சுமார் 9 ஆண்டுகளில் சுற்றும் இரண்டு விண்மீன்கள் என்று இப்போது தெரிகிறது. சூரியனுக்குத் துணை இல்லை. வியாழன் மட்டுமே உண்டு. எனவே படங்களில் பார்க்கும் அலங்காரங்களை எதிர்பார்க்காமல், சாதாரணமான, மங்கலான, ஏறத்தாழ உருண்டையான ஒரு கூட்டை எதிர்பார்ப்பதே சரி. சில பத்தாயிரம் ஆண்டுகளில் அதுவும் கரைந்துவிடும். நடுவில் மிஞ்சும் வெண்குள்ளன் எலெக்ட்ரான்களின் அழுத்தத்தால் தாங்கப்பட்டு, எரிபொருள் எதுவும் இல்லாமல் குளிர்ந்துகொண்டே இருக்கும். அப்படித் தாங்கக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு, அது சூரியனைப் போல 1.4 மடங்கு என்று பின்னர் நிலைபெற்ற கருத்தின் முதல் கணக்கை, 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர் அந்தப் பயணத்திலேயே போட்டார். சூரியனின் உள்ளகம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் சூப்பர்நோவா வெடிப்புக்கு வாய்ப்பில்லை.

பூமி அந்த நெபுலாவைச் சந்திக்குமா என்பதையும் அதே காற்றுதான் தீர்மானிக்கிறது. சூரியன் நிறையை இழந்தால் அதன் பிடி தளர்ந்து பூமியின் பாதை அகலும். அதே வேளையில் பருத்த சூரியனின் மேலடுக்கில் பூமி எழுப்பும் அலை அதைப் பின்னிழுக்கும். 2008-இல் ஷ்ரோடரும் ஸ்மித்தும் செய்த கணக்கில், சுமார் 760 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சூரியன் 256 மடங்கு பருத்து முதல் உச்சத்தைத் தொடும்போது பின்னிழுப்பே வெல்கிறது. பூமி உள்ளே போகிறது. தப்பியிருக்க வேண்டுமானால் இன்றைய தொலைவைவிட ஏறத்தாழ 15 சதவீதம் தள்ளிச் சுற்றியிருக்க வேண்டும். செவ்வாய் 50 சதவீதம் தள்ளிச் சுற்றுகிறது. நெபுலா ஒளிரும் நாளில் அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கப்போகும் கோள்களில் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது, அந்தக் கணக்கின்படி, செவ்வாய்.